பார்பரா ஸ்டான்விக்: டபுள் இண்டெம்னிட்டிக்கு அப்புறம் எதப் பாக்கலாம்? ஏன் ஒரு ஆஸ்கர் கூட குடுக்கல?

நைட்ஷோ_செந்தில்

வணக்கம் மக்களே. நேத்து நைட் ஒருவழியா டபுள் இண்டெம்னிட்டி பாத்து முடிச்சேன். 1944 படம், பில்லி வைல்டர் டைரக்ட் பண்ணது. ஃபிலிம் நுவார்னு, அதான் அந்தக் காலத்து இருட்டான க்ரைம் பட வகை, பேச்செடுத்தாலே எல்லாரும் மொதல்ல இதத்தான் சொல்வாங்க, அதனால கதை முன்னாடியே தெரியும், இன்சூரன்ஸ் ஏஜென்ட்டும் ஒரு பொண்ணும் சேந்து அவ புருஷனக் கொன்னுட்டு ஆக்ஸிடென்ட்னு காட்டி டபுள் பணம் வாங்கப் பாக்குறாங்க. ஆனா அந்தப் பொண்ணா நடிச்ச பார்பரா ஸ்டான்விக் பத்தி எனக்கு யாருமே சொல்லலையேன்னு இருக்கு.

ஸ்பாய்லர் இருக்கு, படம் பாக்காதவங்க இந்தப் பாராவ விட்டுடுங்க. கார் சீன். இவங்க ஓட்டுறாங்க, பக்கத்து சீட்ல புருஷன், பின்னாடி சீட்டுக்கு அடியில அந்த ஏஜென்ட்டா நடிச்ச ஃப்ரெட் மக்மரே பதுங்கியிருக்கார். மூணு தடவ ஹார்ன் அடிச்சா அதான் சிக்னல். ஹார்ன் அடிக்கிறாங்க, கொலை நடக்குது, ஆனா கொலைய நமக்குக் காட்டவே இல்ல, கேமரா இவங்க மூஞ்சிலயே நிக்குது. பக்கத்துல ஒருத்தன் மூச்சுத் திணறி சாகுறான், இவங்க நேரா ரோட்டப் பாத்து ஓட்டிட்டே இருக்காங்க. ஒரு துளி பதட்டம் இல்ல, ஆனா அந்தக் கண்ணுல ஏதோ ஒண்ணு மெல்ல ஏறுது பாருங்க, அத மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்தேன். தூக்கம் போச்சு.

இப்ப என் கேள்வி. இவங்க படத்துல அடுத்து எதப் பாக்கலாம்? நெட்ல தேடினா எண்பதுக்கு மேல படம் காட்டுது, எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல. அப்புறம், போட்டியில ஒரு ஆஸ்கர் கூட ஜெயிச்சதில்லையாம், இது எப்படி? கேத்தரின் ஹெப்பர்ன், பெட் டேவிஸ், இங்க்ரிட் பெர்க்மன்னு நம்ம ஆளுங்க ஆயிரம் பேசறாங்க, இவங்க பேர யாரும் எடுக்கறதே இல்லையே?

கோவை_ரீல்

செந்தில் ப்ரோ, சரியான ஆளப் புடிச்சிருக்கீங்க. என்னக் கேட்டா அந்தக் கால ஹாலிவுட்ல இவங்க அளவுக்கு எல்லா வகைப் படமும் நம்பும்படி பண்ணவங்க வேற யாரும் இல்ல. அழ வைக்கிற படம், காமெடி, நுவார், வெஸ்டர்ன், நாலுலயும் டாப் லிஸ்ட் போட்டா நாலுலயும் இவங்க படம் ஒண்ணாவது வந்துடும். ஹெப்பர்ன் வெஸ்டர்ன்ல துப்பாக்கி எடுத்தா நமக்கு ஹெப்பர்ன்தான் தெரிவாங்க, இவங்க எடுத்தா பண்ணைக்காரி தெரிவா.

கொஞ்சம் வாழ்க்கைக் கதை சொல்றேன், ஏன்னா அது தெரிஞ்சா நடிப்பு இன்னும் புரியும். நெஜப் பேரு ரூபி ஸ்டீவன்ஸ், 1907ல நியூயார்க் ப்ரூக்ளின்ல பொறந்தாங்க. நாலு வயசு இருக்கும்போது அம்மா ட்ராம்ல இருந்து கீழ விழுந்து எறந்துட்டாங்க, ஒரு குடிகாரன் மோதித் தள்ளிட்டான். கொஞ்ச நாள்ல அப்பா பனாமா கால்வாய் வேலைக்குன்னு கெளம்பினவர் திரும்பி வரவே இல்ல. அக்கா மில்ட்ரெட் மேடையில ஆடுற பொண்ணு, அவங்க ஊர் ஊரா போகும்போது ரூபி யார் யார் வீட்லயோ வளந்தாங்க. 14 வயசுல படிப்ப விட்டு வேலைக்கு வந்து, டீன் ஏஜ்லயே ஸீக்ஃபெல்ட்னு பெரிய ஆட்டம் பாட்டு மேடை ஷோவுல கோரஸ் கேர்ள், அதாவது கூட்டத்துல ஆடற பொண்ணு. 1926ல தி நூஸ்னு ஒரு பிராட்வே நாடகம், அதுலதான் கவனிக்கப்பட்டாங்க, பேரும் அப்பத்தான் பார்பரா ஸ்டான்விக்னு மாறிச்சு. அடுத்த வருஷம் பர்லெஸ்க்னு இன்னொரு நாடகம், பெரிய ஹிட்டு.

ஆக்டிங் ஸ்கூல் கெடையாது, நல்ல குடும்பத்துப் பொண்ணுங்க மாதிரி இழுத்து இழுத்துப் பேசற இங்கிலீஷ் கெடையாது. அந்தக் குரல்ல ப்ரூக்ளின் தெரு கடைசி வரைக்கும் இருந்துச்சு. பணத்துக்காக ஆடுறவ, ஏமாத்துறவ, மேல ஏற நெனைக்கிறவ, இப்படி ரோல் எல்லாம் இவங்ககிட்ட வரும்போது ஒரு உண்மை இருக்கும், மேலேருந்து பாத்துப் பரிதாபப்படற நடிப்பா இருக்காது.

டைரக்டர் ஃப்ராங்க் காப்ரா இவங்கள முதல்ல பாத்தப்ப வேணாம்னுதான் நெனச்சார். புருஷன் ஃப்ராங்க் ஃபே போன் போட்டு சண்ட போட்டு, பழைய ஸ்க்ரீன் டெஸ்ட் ஒண்ணக் கொண்டுபோய் போட்டுக் காட்டினதுக்கு அப்புறம்தான் 1930ல லேடீஸ் ஆஃப் லெஷர் படத்துல எடுத்தார். ஷூட்டிங்லதான் ஒரு விஷயத்தக் கண்டுபிடிச்சார், இவங்க முதல் டேக்லயே எல்லாத்தையும் குடுத்துடுவாங்க, ரெண்டாவது மூணாவது டேக்ல அந்தச் சூடு இருக்காது. அதனால மத்த நடிகர்கள இவங்க இல்லாம ஒத்திகை பாக்க வெச்சு, லைட்டெல்லாம் ரெடி பண்ணி, ஒண்ணுக்கு மேல கேமரா வெச்சு, கடைசியா இவங்களக் கூப்பிட்டு ஒரே தடவையில புடிப்பாராம். ஒரு நடிகைக்காக டைரக்டர் தன் வேலை செய்யற முறையவே மாத்திக்கிட்டார், அதுவும் இவங்களுக்கு 22, 23 வயசு இருக்கும்போது! மொத்தம் அஞ்சு படம் சேந்து பண்ணாங்க.

நீங்க சொன்ன டபுள் இண்டெம்னிட்டிக்கு இவங்களே தயங்கினாங்கங்கறது தெரியுமா? அதுவரைக்கும் ஹீரோயினாவே பண்ணிட்டு, ஒரேடியா ரத்தம் குடிக்கிற கொலைகாரியா போறதுக்கு பயமா இருக்குன்னு வைல்டர்கிட்ட சொன்னாங்க. அவர் நீ பயந்தாங்கொள்ளி எலியா, நடிகையான்னு கேட்டார். நடிகைன்னுதான் நெனைக்கிறேன்னாங்க. அப்ப பண்ணுன்னுட்டார். அந்த வருஷம் அமெரிக்காவுலயே அதிகம் சம்பாதிச்ச பொம்பள இவங்கதான்னு அரசாங்கக் கணக்கே சொல்லுச்சு, சுமார் 4 லட்சம் டாலர். அந்த உச்சத்துல இருந்துகிட்டு அந்த மட்டமான பொன் நிற விக்கையும் கால் கொலுசையும் மாட்டிக்கிட்டு வந்து நிக்க எவ்ளோ துணிச்சல் வேணும். விக்கப் பாத்து படத்த எடுத்த பாராமவுண்ட் ஸ்டுடியோ ஆளு ஒருத்தர் ஜார்ஜ் வாஷிங்டன் மாதிரி இருக்குன்னு கத்தினாராம், அதையும் தாண்டி நின்னாங்க.

ராஜி_மேட்டினி

அடுத்தது ஸ்டெல்லா டல்லாஸ் பாருங்க, 1937, கிங் விடோர் டைரக்‌ஷன். வேற எதையும் யோசிக்காதீங்க.

கதையச் சொன்னா சாதாரண அம்மா செண்டிமெண்ட் மாதிரிதான் இருக்கும். மில் தொழிலாளி வீட்டுப் பொண்ணு ஸ்டெல்லா, பணக்காரக் குடும்பத்துப் பையனக் கட்டிக்கிறா, ஒத்து வரல, பிரிஞ்சிடறாங்க, மக லாரல் அம்மாகிட்ட வளர்றா. அம்மாவோட பேச்சு, உடுத்தற விதம், கழுத்து கையெல்லாம் மாட்டியிருக்கற நகை, இதெல்லாம் மகளோட வாழ்க்கைக்குக் குறுக்க நிக்குதுன்னு அவளுக்கே தெரிய வருது. அதுக்கப்புறம் அவ என்ன பண்றாங்கறதுதான் படம்.

எனக்கு நெஞ்ச அடச்ச இடம் க்ளைமாக்ஸ் இல்ல, அதுக்கு முன்னாடி வர்ற பர்த்டே பார்ட்டி. மகளுக்குப் பொறந்தநாள், மேசையெல்லாம் அலங்கரிச்சு, ஒவ்வொரு பிள்ளைக்கும் எடம் போட்டு, அம்மாவும் மகளும் புது டிரஸ்ல காத்திருக்காங்க. யாரும் வரல. வர முடியலன்னு சீட்டு மட்டும் ஒண்ணொண்ணா வருது. ஸ்டெல்லா ஒவ்வொரு தடவையும் ஒரு சிரிப்பப் போட்டுக்கிட்டு மகளத் தேத்தற மாதிரி ஏதாவது சொல்றா, மகளும் அம்மாவுக்காக அத நம்பற மாதிரி காட்டிக்கிறா. கடைசியில ரெண்டு பேர் மட்டும் அந்த நீள மேசையில ஒக்காந்து சாப்பிட ஆரம்பிக்கிறாங்க பாருங்க, அங்க நான் நிறுத்திட்டு எழுந்து போயிட்டேன், கொஞ்ச நேரம் கழிச்சுதான் மறுபடி பாக்க முடிஞ்சுது.

அப்புறம் ட்ரெயின் சீன். லாரலோட சிநேகிதப் பொண்ணுங்க ஸ்டெல்லாவப் பத்திக் கிண்டலா பேசறது ராத்திரி பெர்த்துல படுத்திருக்கற அவ காதுல விழுது. மகளும் கேட்டுட்டா. அம்மா கேட்டிருப்பாளோன்னு பயந்து மக அவகிட்ட வர்றா, ஸ்டெல்லா தூங்கற மாதிரி கண்ண மூடிக்கிறா. மக பக்கத்துல படுத்துக்கிட்டதும் அந்த மூடின மூஞ்சியில என்ன நடக்குதுன்னு பாருங்க. டயலாக் எதுவும் இல்ல.

இதுல இவங்க நடிப்புல எனக்குப் புடிச்சது என்னன்னா, ஸ்டெல்லாவ நல்லவளா காட்ட அவசரப்படவே இல்ல. சத்தமா சிரிக்கிறா, சபையில நடந்துக்கத் தெரியாது, சில நேரம் நமக்கே ஐயோ இப்படிப் பண்றாளேன்னு கூச்சமா இருக்கும். அந்தக் கூச்சத்த நம்மகிட்ட வர வெச்சுட்டுத்தான் நம்மள அழ வைக்கிறாங்க. தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் இவங்கள வேணாம்னு நெனச்சு ஸ்க்ரீன் டெஸ்ட் பண்ணச் சொன்னாராம், அதுக்குள்ள இவங்க பெரிய ஸ்டார், இருந்தும் அந்த ரோலுக்காகப் போய் டெஸ்ட் குடுத்தாங்க. க்ளைமாக்ஸ் நான் சொல்ல மாட்டேன். மழை, இரும்பு வேலி, ஒரு கைக்குட்டை, இத மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

ப்ரொஜக்டர்_மணி

ராஜிம்மா சொன்னதுல குத்தம் இல்ல, ஆனா செந்தில் தம்பி, கொலைகாரியப் பாத்துட்டு உடனே அழுகாச்சிக்குப் போகாதீங்க. நடுவுல தி லேடி ஈவ் பாருங்க. 1941, ப்ரெஸ்டன் ஸ்டர்ஜஸ் டைரக்‌ஷன். என் கணக்குல அவங்களோட பெஸ்ட் இதுதான், ஸ்டெல்லா டல்லாஸ் இல்ல, இதுக்கு ராஜிம்மா கோச்சுக்கிட்டாலும் பரவால்ல.

அழுகைய எல்லாரும் நடிப்புன்னு ஒத்துக்குவாங்க, காமெடிய யாரும் நடிப்புன்னு எண்றதில்ல, அதான் இவங்களுக்கு நடந்த அநியாயத்துல பாதி. கப்பல்ல சீட்டாடி ஏமாத்தற அப்பனும் மகளும், அவங்க கையில சிக்கற பணக்காரப் பையன் ஹென்றி ஃபோண்டா, பாம்பு ஆராய்ச்சின்னு அமேசான் காட்டுல ஒரு வருஷம் இருந்துட்டு வந்தவன், பொம்பள வாசமே தெரியாது. கப்பல் டைனிங் ஹால்ல இருக்கற எல்லாப் பொண்ணுங்களும் அவனையே பாக்குறாங்க. ஸ்டான்விக் திரும்பிக்கூடப் பாக்கல, பவுடர் டப்பி கண்ணாடியத் தூக்கிப் புடிச்சு அதுல தெரியற ஒவ்வொரு பொண்ணும் என்ன நெனைக்கிறா, என்ன பண்ணப் போறா, என்ன சொல்லப் போறான்னு ரன்னிங் கமெண்ட்ரி குடுக்கறாங்க. கண்ணாடிக்குள்ள அந்தப் பொண்ணுங்க ஊமைப் படம், இவங்க குரல்தான் டப்பிங். ஃபோண்டா எழுந்து போகும்போது காலை நீட்டி விழ வெச்சுட்டு, என் செருப்பு ஹீல் ஒடஞ்சுபோச்சுன்னு அவன்கிட்டயே சண்டைக்குப் போறாங்க. வேகம்னா அப்படி ஒரு வேகம்.

அதுக்கப்புறம் கேபின்ல ஒரு ஷாட் வரும், அதக் கட்டாயம் கவனிக்கணும். ஃபோண்டா தரையில ஒக்காந்திருக்கார், இவங்க சோஃபாவுல படுத்தபடி அவர் கழுத்தக் கட்டிக்கிட்டு முடியக் கோதிக்கிட்டே பேசறாங்க. மூணு நிமிஷத்துக்கு மேல வெட்டே இல்லாத ஒரே ஷாட், கேமரா நகரல. ஆரம்பத்துல இது முழுக்க வலை வீசறது. நடுவுல எங்கயோ அவங்களுக்கே நெசமா புடிச்சுப்போகுது. எந்த வரியில அது மாறுதுன்னு நான் தேடித் தேடிப் பாத்திருக்கேன், ஒவ்வொரு தடவையும் வேற இடம்னு தோணுது. ஏமாத்தறதும் ஆசப்படறதும் ஒரே மூஞ்சியில ஒரே நேரத்துல ஓடுது. தம்பி நீங்க கார் சீன்ல பாத்தீங்களே ஏதோ ஒண்ணு ஏறுதுன்னு, அந்த வித்தையேதான் இதுவும், அங்க விஷமா வெளிய வருது, இங்க காதலா வருது.

ரெண்டாவது பாதியில அதே பொண்ணு இங்கிலாந்து சீமாட்டி லேடி ஈவ்னு வந்து நிப்பாங்க, மாறுவேஷம்னு ஒண்ணும் இல்ல, அதே மூஞ்சி. டிரஸ்ஸும் இங்கிலீஷும்தான் மாறியிருக்கும். வேஷம் போட்டு ஏமாத்த வர்றவ மூஞ்சிய மாத்தாம வருவாளா, அதனால இவ வேற ஆளுன்னு ஃபோண்டா நம்பிடுவார். அந்த டிரஸ் எல்லாம் ஈடித் ஹெட் டிசைன் பண்ணது, அந்தப் படத்துக்கு அப்புறம் ஸ்டான்விக் தன் காண்ட்ராக்ட்லயே ஈடித் ஹெட் வேணும்னு கேட்டு வாங்கினாங்க.

அதே 1941ல இவங்களுக்கு நாலு படம். காப்ராவோட மீட் ஜான் டோ, லேடி ஈவ், யூ பிலாங் டு மீ, பால் ஆஃப் ஃபயர். கடைசியா சொன்னதுல கிளப்ல பாடற பொண்ணு, என்சைக்ளோபீடியா எழுதற கெழட்டு வாத்தியாருங்க வீட்ல போய் ஒளிஞ்சுக்குவாங்க, கேரி கூப்பர் உயரத்துக்கு எட்டறதுக்காக புஸ்தகத்த அடுக்கி அதுமேல ஏறி முத்தம் குடுப்பாங்க. ஹவர்ட் ஹாக்ஸ் படம், கதை வசனத்துல வைல்டர் கையும் உண்டு. ஒரே வருஷத்துல இந்த நாலும்னா யோசிச்சுப் பாருங்க.

ரீல்_நம்பர்_7

பேபி ஃபேஸ் 1933, யாரும் சொல்லலையே! சென்சார் கெடுபிடி 1934ல இறுகறதுக்கு முன்னாடி வந்த படம். அப்பனே மகள சாராயக் கடைக்கு வர்றவங்களுக்கு விக்கறான், அங்கருந்து தப்பிச்சு நியூயார்க் வந்து ஒரு பேங்க்ல ஒவ்வொரு ஆம்பளையா பயன்படுத்திக்கிட்டு மேல போறா, அவ ஏற ஏற கேமரா பில்டிங் வெளிய ஒவ்வொரு மாடியா ஏறும், உள்ள நடக்கறது நமக்கே புரிஞ்சிடும். அப்பவே வெட்டித் தள்ளிட்டாங்க, வெட்டாத பிரிண்ட் 2004லதான் அமெரிக்க காங்கிரஸ் லைப்ரரி கலெக்‌ஷன்ல கெடச்சுது, அந்த வெர்ஷனத் தேடிப் பாருங்க. ஆரம்பத்துலயே அப்பன மூஞ்சிக்கு நேரா கேள்வி கேக்கற சீன் ஒண்ணு இருக்கு, 25 வயசுப் பொண்ணு அப்படி வெடிக்கறத அந்தக் காலத்துப் படத்துல நான் வேற எங்கயும் பாத்ததில்ல. ஜான் வெயின் கூட சின்ன ரோல்ல வருவார், கோட்டு சூட்டுல.

நைட்ஷோ_செந்தில்

எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ், இவ்ளோ வரும்னு எதிர்பாக்கல. மணி சார் சொன்ன ஒரே ஷாட் விஷயத்துக்காகவே லேடி ஈவ் இன்னிக்கே போடறேன், ராஜி அக்கா கோச்சுக்காதீங்க ஸ்டெல்லா டல்லாஸ் ஞாயித்துக்கிழம. ஆனா ஆஸ்கர் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல பாருங்க.

கோவை_ரீல்

ஆஸ்கருக்கு வர்றேன். நாலு தடவ நாமினேஷன். ஸ்டெல்லா டல்லாஸுக்குப் போட்டியில ஜெயிச்சது லூயிஸ் ரெய்னர், தி குட் எர்த்துக்கு. பால் ஆஃப் ஃபயருக்கு எதிரா ஜோன் ஃபான்டெய்ன், சஸ்பிஷன். டபுள் இண்டெம்னிட்டி வருஷம் இங்க்ரிட் பெர்க்மன், கேஸ்லைட். 1948ல ஸாரி ராங் நம்பர், அதுல படுக்கையில கெடக்கற நோயாளி, போன் மட்டும்தான் கையில, யாரோ யாரையோ கொல்லப் போறாங்கன்னு லைன்ல கேட்டுடறா, பயம் படிப்படியா ஏறறத கட்டில்ல இருந்தபடியே காட்டணும், அதுக்கும் நாமினேஷன், ஜெயிச்சது ஜேன் வைமன். பெர்க்மனுக்குக் குடுத்தது தப்புன்னு நான் சொல்லல, கேஸ்லைட் பெரிய நடிப்புதான். ஆனா லேடி ஈவுக்கு நாமினேஷன்கூட இல்லங்கறத என்னால இன்னிக்கும் ஜீரணிக்க முடியல. அதே வருஷம் பால் ஆஃப் ஃபயருக்குக் குடுத்துட்டாங்க, அதுல இவங்க நல்லாத்தான் பண்ணியிருக்காங்க, ஆனா ரெண்டையும் அடுத்தடுத்து பாத்தா வித்தியாசம் தெரியும்.

முக்கியமான காரணம்னு எல்லாரும் சொல்றது, எனக்கும் சரின்னு படறது, இவங்க எந்த ஸ்டுடியோவுக்கும் முழுசா சொந்தமா இல்ல. அந்தக் காலத்துல பெட் டேவிஸ்னா வார்னர், க்ரீர் கார்சன்னா எம்ஜிஎம், ஸ்டுடியோ தன் ஸ்டாருக்காக விளம்பரம் பண்ணும், அங்க வேல பாக்கற, ஆஸ்கர் குடுக்கற அகாடமியோட மெம்பர்கள் ஓட்டும் அந்தப் பக்கம் சாயும். ஸ்டான்விக் முப்பதுகளோட நடுவுல இருந்தே ஒரே எடத்துல கட்டிப்போடற காண்ட்ராக்ட் வேணாம்னு கொலம்பியா, ஆர்கேஓ, பாராமவுண்ட், ஃபாக்ஸ், வார்னர்னு எல்லா எடத்துலயும் மாறி மாறி பண்ணாங்க. தனக்குப் புடிச்ச ஸ்க்ரிப்ட் எடுக்கற சுதந்திரம் அதனாலதான் கெடச்சுது, சம்பளமும் அதனாலதான் ஏறுச்சு. ஆனா ஓட்டு கேக்க ஒரு வீடு இல்ல. டபுள் இண்டெம்னிட்டிக்கே ஏழு நாமினேஷன், ஒண்ணு கூட ஜெயிக்கல, அந்த வருஷம் பாராமவுண்ட் தன்னோட இன்னொரு படமான கோயிங் மை வேயத்தான் தூக்கிப் புடிச்சுது.

டிவி ஆளுங்க கணக்கத் தீத்தாங்க. டிவிக்குக் குடுக்கற எம்மி அவார்டு மூணு, 1961, 1966, 1983. கடைசி எம்மி தி தார்ன் பேர்ட்ஸ் டிவி தொடருக்கு, 75 வயசு தாண்டி வாங்கினது, மேடையில ஏறி தன்னப் பத்திப் பேசாம கூடப் போட்டி போட்ட ஆன் மார்கரெட்டோட நடிப்பப் புகழ்ந்து பேசினாங்க.

வெஸ்டர்ன்_வேலு

நல்ல த்ரெட். வெஸ்டர்ன் பக்கம் யாரும் முழுசா வரல, நான் வர்றேன்.

ஹாலிவுட்ல நாப்பது வயசு தாண்டின நடிகைக்கு அம்மா ரோலுதான்னு இருந்த காலத்துல இந்தம்மா குதிர மேல ஏறினாங்க. 1950 தி ஃப்யூரீஸ், ஆண்டனி மான் டைரக்‌ஷன். பெரிய பண்ணைக்காரரோட மக, அப்பா வால்டர் ஹஸ்டன், அவருக்கு அதுதான் கடைசிப் படம். அப்பாவும் மகளும் பாசமா பகையான்னே தெரியாத அளவுக்கு முட்டிக்குவாங்க. அப்பா கட்டிக்கப் போற பொம்பள மூஞ்சியில கத்திரிக்கோல வீசற சீன் ஒண்ணு இருக்கு, வீசறதுக்கு முன்னாடி ரெண்டு செகண்ட் இவங்க கண்ணப் பாருங்க.

1957ல ஃபார்ட்டி கன்ஸ், சாமுவேல் ஃபுல்லர் டைரக்‌ஷன். கருப்பு டிரஸ்ல வெள்ளக் குதிரையில இவங்க முன்னாடி போக நாப்பது ஆளுங்க பின்னாடி வர்ற அந்த ஓபனிங் பாத்தா சினிமாஸ்கோப்ங்கற அகலத் திரை எதுக்குக் கண்டுபிடிச்சாங்கன்னு புரியும். அதுல சூறாவளி சீன்ல குதிர மெரண்டு, கால் அங்கவடியில மாட்டிக்கிட்டு தரையோட இழுத்துட்டுப் போகும். ஸ்டண்ட் ஆளுங்க ஆபத்துன்னு ஒதுங்கிட்டாங்க, இவங்களே பண்ணாங்க, ஃபுல்லருக்குத் திருப்தி ஆகற வரைக்கும் திரும்பவும் பண்ணாங்க. வயசு 50 கிட்ட. ஸ்டண்ட்காரங்க, லைட் பாய்ஸ், கேமரா அசிஸ்டன்ட் எல்லாருக்கும் இவங்க மிஸ்ஸி, அப்படித்தான் கூப்பிடுவாங்க. ஷூட்டிங்குக்கு வரும்போது தன் டயலாக் மட்டும் இல்ல, எதிர்ல நிக்கறவங்க டயலாக்கும் மனப்பாடம். லேட்டா வந்தாங்கன்னோ, மூட் சரியில்லன்னு ரூம்ல ஒக்காந்துட்டாங்கன்னோ கூட வேல பாத்த ஒருத்தர் சொல்லி நான் படிச்சதில்ல.

அப்புறம் டிவி. தி பிக் வேலி, 1965ல இருந்து 69 வரைக்கும், 112 எபிசோடு. புருஷன் போனதுக்கு அப்புறம் பண்ணைய நடத்தற விக்டோரியா பார்க்லி. நரச்ச முடிக்கு சாயம் அடிக்க மாட்டேன்னு அப்படியே வந்து நின்னாங்க. அமெரிக்காவுல ஒரு தலைமுறைக்கு இவங்க லேடி ஈவ் இல்ல, விக்டோரியா பார்க்லிதான்.

எல்லாத்துலயும் எனக்கு இவங்களோட ஒத்துப்போகாது, அதையும் சொல்லிடறேன். அரசியல்ல கடும் வலதுசாரி, கம்யூனிஸ்ட்னு சந்தேகப்பட்டவங்கள சினிமாவுலேருந்து தொரத்தின வேட்டைய ஆதரிச்ச சினிமாக்காரங்க அமைப்புல இவங்களும் ரெண்டாவது புருஷன் ராபர்ட் டெய்லரும் மெம்பரா இருந்தாங்க, அந்த வேட்டையில எத்தனையோ பேர் பொழப்பு போச்சு. தத்தெடுத்த பையன்கிட்டயும் உறவு முறிஞ்சுபோச்சு. அத மறைக்க வேண்டியதில்ல. ஆனா வேலன்னு வந்தா இவங்க மாதிரி ஒரு தொழில்காரி அபூர்வம், அதுல மாத்துக் கருத்து இல்ல.

ராஜி_மேட்டினி

வேலு அண்ணா மிஸ்ஸின்னு சொன்னதும் வில்லியம் ஹோல்டன் கதை ஞாபகம் வந்துடுச்சு, அத யாராவது எழுதுவாங்கன்னு பாத்தேன், நானே எழுதறேன்.

1939 கோல்டன் பாய். ஹோல்டனுக்கு 21 வயசு, முதல் பெரிய ரோல், வயலினிஸ்ட்டா பாக்ஸரான்னு தவிக்கற பையன் வேஷம். பயந்து போய் சொதப்பறார், தூக்கிடலாம்னு ஸ்டுடியோ முடிவு பண்ணுது. ஸ்டான்விக்தான் அந்தப் படத்துல பெரிய பேரு, இவன வெச்சுத்தான் பண்ணணும்னு நின்னுட்டாங்க. அதோட விடல, ஷூட்டிங் முடிஞ்சு தன் ரூம்ல ஒக்கார வெச்சு அடுத்த நாள் சீன் எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க. படம் வந்துச்சு, ஹோல்டன் ஸ்டார் ஆயிட்டார், பின்னாடி ஸ்டாலாக் 17க்கு ஆஸ்கரே வாங்கினார். வருஷா வருஷம் அந்தப் படம் ஆரம்பிச்ச நாள்ல இவங்களுக்குப் பூ அனுப்புவார்.

1978 ஆஸ்கர் மேடையில ரெண்டு பேரும் சேந்து சவுண்ட் அவார்டு குடுக்க வந்தாங்க. எழுதி வெச்சிருந்தத விட்டுட்டு ஹோல்டன், 39 வருஷத்துக்கு முன்னாடி என்னத் தூக்கப் போனாங்க, இந்த அம்மாவோட பெருந்தன்மையாலதான் நான் இன்னிக்கு இங்க நிக்கறேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னார். ஸ்டான்விக்குக்கு அது தெரியாது, அப்படியே அவரக் கட்டிப்புடிச்சுக்கிட்டாங்க. யூடியூப்ல இருக்கு, பாருங்க, அந்த மூஞ்சியில நடிப்பே இல்ல.

1981 நவம்பர்ல ஹோல்டன் எறந்துட்டார். அடுத்த மார்ச்ல அகாடமி இவங்களுக்கு கௌரவ ஆஸ்கர் குடுத்துச்சு, ஜான் ட்ரவோல்டா குடுத்தார். கூட வேல பாத்த எலக்ட்ரீஷியன், கேமராமேன், ஸ்டண்ட்காரங்கன்னு எல்லாருக்கும் நன்றி சொல்லிட்டு, நான் ஆஸ்கர் வாங்கணும்னு அவன் எப்பவும் ஆசப்பட்டான், இன்னிக்கு என் கோல்டன் பாய், உன் ஆச நெறவேறிடுச்சுன்னு கையில அந்தச் சிலையத் தூக்கிக் காட்டினாங்க.

கோவை_ரீல்

ராஜி அக்கா சொன்ன ரெண்டு க்ளிப்பையும் கட்டாயம் பாருங்க செந்தில். இன்னும் ஒண்ணே ஒண்ணு, லிஸ்ட்ல ரிமெம்பர் தி நைட் சேத்துக்கோங்க, 1940, மிட்செல் லைசன் டைரக்‌ஷன், எழுதினது லேடி ஈவ் எடுத்த அதே ஸ்டர்ஜஸ். கூட நடிச்சது டபுள் இண்டெம்னிட்டி ஃப்ரெட் மக்மரேதான். இவங்க நகை திருடினவ, அவர் கேஸ் நடத்தற அரசு வக்கீல், கிறிஸ்மஸுக்கு கோர்ட் லீவு விட்டதால அவளத் தன் அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவார். வழியில அவளோட பெத்த தாய் வீட்டுக் கதவத் தட்டற ஒரு சீன் வரும். அந்தத் தாய் பேசப் பேச ஸ்டான்விக் மூஞ்சி ஒரு சின்னப் பொண்ணு மூஞ்சியா மாறும். கொலை பண்ண ஜோடிய நேத்துதான் பாத்திருக்கீங்க, அந்த ஞாபகம் சூடா இருக்கும்போதே இத வெச்சுப் பாத்தா இன்னும் நல்லா இருக்கும். லேடி ஈவ் முடிச்சுட்டு இங்க வந்து எழுதுங்க, அந்த மூணு நிமிஷ ஷாட்ல உங்களுக்கு எந்த வரியில மாறுதுன்னு மணி சாரோட நானும் தெரிஞ்சுக்கணும். எனக்கு அவங்க அவர் காது மடலத் தொடற எடத்துல.